ஆர்.சி. புக்கில் யார் பெயர்? பழைய வண்டி வாங்கும் முன் ஒரு பாடம்



நம்ம விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை செய்கிற பெண்களைப் பாருங்கள். சூளையிலிருந்து இறக்கின பொம்மையைக் கையில் எடுத்ததும் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். கணீர்னு சத்தம் வந்தா நல்ல பொம்மை. சத்தம் மந்தமா வந்தா எங்கேயோ கீறல் இருக்குன்னு அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குத் தெரிந்துவிடும்.

சின்ன அகல் விளக்கைக்கூட இப்படித் தட்டிப் பார்த்து வாங்குகிற நாம், லட்ச ரூபாய் கொடுத்துப் பழைய வண்டி வாங்கும்போது மட்டும் பெயின்டைப் பார்க்கிறோம், டயரைப் பார்க்கிறோம், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறோம். அதோட சரி. வண்டியின் காகிதத்தைத் தட்டிப் பார்ப்பதில்லை. கீறல் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கும்.

குழுக் கடன் வாங்கித் தொழில் தொடங்கும் நம் உறுப்பினர்கள் பலர் லோடு வண்டி, கார், ஆட்டோ, டூ வீலர் என்று பழைய வண்டி வாங்குகிறோம். அதனால் இந்த மாதப் பாடம் இதுதான்: பழைய வண்டி வாங்கினால், அது சட்டப்படி நம்ம வண்டி ஆவது எப்போது?

ஒரு குழுவை மனதில் வைத்துக்கொள்வோம்

பாடத்துக்காக ஒரு குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். 12 உறுப்பினர்கள். செராமிக் பொம்மைக்கு வர்ணம் அடிப்பது, அகல் விளக்கு வாங்கி வைக்கோல் வைத்துக் கட்டி வெளியூருக்கு அனுப்புவது அவர்கள் தொழில். ஒவ்வொரு தடவையும் வண்டி வாடகையே லாபத்தைத் தின்றுவிடுகிறது. "நமக்குன்னு ஒரு வண்டி இருந்தா கார்த்திகை சீசன்லயே பாதிக் கடனை அடைச்சுடலாம்" என்று கூட்டத்தில் பேசி முடிவு எடுக்கிறார்கள். வங்கிக் கடன் 1,20,000 ரூபாய், குழுவின் சொந்த நிதி 60,000 ரூபாய். மொத்தம் 1,80,000.

பக்கத்து ஊரில் ஒருவர் பழைய லோடு வண்டி வைத்திருக்கிறார். வண்டி நல்ல கண்டிஷன். ஆர்.சி. புக்கை வாங்கிப் பார்த்தால் வேறு யாரோ ஒருவர் பெயர் இருக்கிறது.

"இது உங்க பேருல இல்லையேண்ணே?" என்று ஊக்குநர் கேட்கிறார்.

"அது ஒண்ணும் இல்லம்மா. ஓப்பன் ஆர்.சி. பழைய ஓனர் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார். நீங்க எப்ப வேணா உங்க பேருக்கு மாத்திக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

வெற்று ஃபார்ம் இரண்டைக் கையில் கொடுக்கிறார். 50,000 ரூபாயை வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். மீதி 1,30,000 ரூபாயைக் கையில் கொடுக்கிறார்கள். ரசீது இல்லை. ஆடி மாதம் வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பேர் மாத்தறதுக்கு ஆயிரக்கணக்கில் செலவாகுமே, சீசன் முடியட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஐப்பசியில் காவல் நிலையத்திலிருந்து ஆள் வருகிறது. ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் புகார் கொடுத்திருக்கிறார். அவர் அந்த வண்டியை ஒரு புரோக்கருக்கு விற்றவர். முன்பணம் மட்டும்தான் வந்தது, பாக்கி வரவில்லை. வண்டி கைமாறி ஓடுகிறது. அபராத நோட்டீசு எல்லாம் அவர் போனுக்கு வருகிறது. வண்டியைக் காவல் துறை எடுத்துக்கொண்டு போகிறது. நீதிமன்றத்தில் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் மனுப் போடுகிறார். வழக்கு முடியும்வரை இடைக்காலப் பொறுப்பில் வண்டி அவரிடமே போகிறது.

கார்த்திகை சீசன் போச்சு. ஆர்டர் கொடுத்த கடைக்காரர்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். வங்கித் தவணை மட்டும் மாதம் தவறாமல் வருகிறது. 12 பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடன். வண்டி இல்லை என்று வங்கியில் சொல்ல முடியாது. கூட்டத்தில் "நீதானே நல்ல வண்டின்னு சொன்னே" என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். வண்டியோடு சேர்ந்து குழுவும் உடைகிற நிலை.

இதில் அந்தப் பெண்கள் யாரையும் ஏமாற்றவில்லை. முழுப் பணமும் கொடுத்தார்கள். அப்புறம் ஏன் இந்த நிலை?

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988. இதில் பிரிவு 2(30) "உரிமையாளர்" யார் என்று சொல்கிறது. யார் பெயரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ அவரே உரிமையாளர். வண்டியை ஓட்டுகிறவர், வைத்திருப்பவர், பணம் கொடுத்தவர் என்று அங்கே சொல்லவில்லை. கடனில் எடுத்த வண்டிக்கு ஒரு விலக்கு உண்டு. கடன் ஒப்பந்தப்படி வண்டியைக் கையில் வைத்திருப்பவர் உரிமையாளராகக் கருதப்படுவார்.

அதே சட்டத்தின் பிரிவு 50 கைமாற்றம் பற்றியது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்பவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலம் என்றால் 45 நாள். வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். இதற்குப் படிவம் 29, படிவம் 30 என்று இரண்டு உண்டு. படிவம் 29 விற்றதைத் தெரிவிக்கும் அறிவிப்பு. படிவம் 30 பெயர் மாற்ற விண்ணப்பம். அந்த அண்ணன் கையில் கொடுத்தாரே, அந்தக் காகிதம்தான். அதில் கையெழுத்து இருந்தால் மட்டும் போதாது. அதை அலுவலகத்தில் கொடுத்து, பெயர் ஏறினால்தான் வேலை முடிந்தது.

இன்னொரு சட்டமும் உண்டு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அதன் பிரிவு 27 சொல்வது நம்ம ஊர்ப் பாட்டிக்கும் தெரிந்த நியாயம்தான்: தனக்கு உரிமை இல்லாத பொருளை ஒருவர் விற்றால், வாங்கினவருக்கும் உரிமை வராது. திருட்டு ஆட்டைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கினாலும், ஆட்டுக்காரர் வந்து கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். சட்டம் சில விலக்குகளும் வைத்திருக்கிறது. ஆனால் அது நமக்குப் பொருந்தும் என்று நிரூபிக்க நீதிமன்றப் படி ஏற வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு இடைக்காலமாக வண்டி போனதால், அந்தக் குழுவின் உரிமை அடியோடு போய்விட்டது என்று அர்த்தமில்லை. கடைசியில் வண்டி யாருக்கு என்று உரிமையியல் நீதிமன்றம் முடிவு செய்யலாம். ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டும், காலம் வேண்டும். நமக்கோ அடுத்த மாதமே தவணை கட்ட வேண்டும்.

விற்கிறவருக்கும் இது பாடம்

"நான்தான் வித்துட்டேனே, பேரு மாத்தறது வாங்கினவன் வேலை" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 6-ஆம் தேதி ஒரு தீர்ப்பு சொன்னது. நடந்தது இதுதான்.

வட மாநிலத்தில் ஒருவர் 2007 ஜூலையில் தன் காரை விற்றார். ஆர்.சி. புக், படிவம் 29, படிவம் 30 எல்லாம் வாங்கினவர் கையில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். வாங்கினவர் தன் பெயருக்கு மாற்றவில்லை. 2008-இல் அவர் இன்னொருவருக்கு விற்றார். அதன்பிறகும் வண்டி கைமாறியது. ஒருவரும் பெயர் மாற்றவில்லை. 2009 மே 27-இல் அந்தக் கார் பின்னால் வரும்போது தெருவில் நடந்துபோன ஒரு பெண் மீதும், அவரோடு வந்த உறவுப் பிள்ளை மீதும் மோதியது. பிள்ளை இறந்துபோனது. வண்டிக்கு இன்சூரன்சும் இல்லை.

நஷ்டஈடு யார் கொடுப்பது? ஒவ்வொருவரும் "நான் விற்றுவிட்டேன்" என்று அடுத்தவரைக் கை காட்டினார்கள். விபத்துத் தீர்ப்பாயம் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரையும் ஓட்டியவரையும் கொடுக்கச் சொன்னது. பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் அதை மாற்றி, கடைசியில் வண்டியை வைத்திருந்தவர் என்று ஒருவர் மேல் பொறுப்பைப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. விபத்து நடந்த நாளில் யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம், வண்டி யார் யாரிடம் கைமாறியது என்று தேடி அலைய முடியாது என்பது அதில் உள்ள நியாயம்.

விபத்துக்கு ஏறக்குறைய 2 வருடம் முன்பே விற்றவர் அவர். வண்டியை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் பொறுப்பு அவருக்கே. வீட்டுக்காரர் பழைய பைக்கை யாருக்காவது விற்றிருக்கிறாரா? இன்றைக்கே கேளுங்கள்: "பேரு மாத்திட்டாங்களா?"

பணம் கொடுக்கும் முன் ஆறு தட்டு

பொம்மையைத் தட்டுவது மாதிரி வண்டியின் காகிதத்தை ஆறு இடத்தில் தட்டிப் பாருங்கள்.

முதல் தட்டு: பெயர். ஆர்.சி.யில் இருக்கும் பெயரும், நம் முன்னால் நிற்கிறவரின் ஆதார் அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றா? ஒன்று இல்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் நேரில் வரட்டும். "வெளியூர்ல இருக்கார்", "மச்சான் பேரு", "போன்ல பேசிக்கலாம்" என்றால் வேண்டாம்.

இரண்டாவது தட்டு: எண். ஆர்.சி.யில் சேஸிஸ் எண், என்ஜின் எண் இருக்கும். வண்டியில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போனால் எண் எங்கே இருக்கிறது என்று காட்டுவார். எண்ணைத் தேய்த்த மாதிரியோ, புதிதாக அடித்த மாதிரியோ இருந்தால் வண்டியைத் தொட வேண்டாம்.

மூன்றாவது தட்டு: கடன். ஆர்.சி.யில் வங்கி அல்லது ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் வண்டி மேல் கடன் உண்டு. இதைத்தான் "ஹெச்.பி." என்கிறோம். கடன் கொடுத்தவர் எழுத்தில் சம்மதிக்காமல் பெயர் மாற்ற முடியாது. விற்பவர் "எல்லாம் கட்டிட்டேன்" என்று வாயால் சொன்னால் போதாது. கடன் முடிந்த கடிதமும், ஃபைனான்சும் உரிமையாளரும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். அது இல்லாமல் வாங்கினால், பழைய ஆள் தவணை கட்டாததற்கு நம் வாசலில் இருந்து வண்டி போகும்.

நான்காவது தட்டு: திருட்டு, வழக்கு. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலும், எம்-பரிவாகன் செயலியிலும் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு விவரம் வரும். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகளை மறைத்துத்தான் காட்டும். என்றாலும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்க்கலாம். ஆர்.சி. தொலைந்துபோச்சு என்று சொல்லி நகல் வாங்கி, ஒரே வண்டியை இரண்டு பேருக்கு விற்கிற ஏமாற்றும் உண்டு. ஆர்.சி. நகலாக இருந்தால் ஏன் நகல் வாங்கினார் என்று கேளுங்கள். அந்த வண்டி மேல் வழக்கு இருக்கிறதா என்று விற்பவரின் ஊர்க் காவல் நிலையத்திலும் விசாரியுங்கள்.

ஐந்தாவது தட்டு: பாக்கி. இ-செலான் தளத்தில் கட்டாத அபராதம் இருக்கிறதா, சாலை வரி கட்டியிருக்கிறதா, இன்சூரன்ஸ் எந்தத் தேதிவரை, லோடு வண்டி என்றால் எஃப்.சி. எந்தத் தேதிவரை? பாக்கி இருந்தால் விற்பவர் கட்டிவிட்டு வரட்டும். அல்லது விலையில் கழித்து, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறாவது தட்டு: ஆள் உயிரோடு இருக்கிறாரா? ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் இறந்திருந்தால், மகனோ தம்பியோ தனியாக விற்க முடியாது. முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

போன் பார்க்கத் தெரியாது என்று யாரும் தயங்க வேண்டாம். படித்த பெண் பிள்ளைகள் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. அவர்களிடம் வண்டி எண்ணைக் கொடுங்கள்.

பணம் கொடுக்கும் நாளில்

1. முழுப் பணத்தையும் வங்கி வழியாக, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கணக்கில் போடுங்கள். கையில் கொடுத்த காசுக்கு ஆதாரம் கிடையாது. அந்தக் குழுவின் கதையில் 50,000 ரூபாய்க்குத்தான் சாட்சி இருந்தது. 1,30,000 ரூபாய் காற்றில் போன மாதிரி.

2. டெலிவரி நோட் எழுதுங்கள். வண்டி எண், சேஸிஸ் எண், என்ஜின் எண், விலை, ஒப்படைத்த தேதி, மணி எல்லாம் இருக்கட்டும். "இந்த நேரம்வரை உள்ள வழக்கு, அபராதம், கடன் விற்பவர் பொறுப்பு, இதற்குப் பிறகு வாங்கியவர் பொறுப்பு" என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சி போடுங்கள். ஆளுக்கு ஒரு பிரதி. மணி எழுதுவது எதற்கு என்றால், காலையில் நடந்த விபத்துக்கு மாலையில் வாங்கினவர் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஆனால் இது நமக்குள் ஆதாரம் மட்டும்தான். பெயர் மாற்றத்துக்கு இது ஈடு இல்லை.

3. படிவம் 29, 30 இரண்டையும் முழுக்க நிரப்பிக் கையெழுத்து வாங்குங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம்.

4. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி ரசீது, படிவம் 35, இரண்டு சாவி, விற்பவரின் ஆதார், பான் நகல் எல்லாம் கைக்கு வந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகக் குறித்துப் பாருங்கள்.

கொஞ்சம் பணத்தை நிறுத்தி வைத்து, பெயர் மாறிய பிறகு கொடுப்பதாகப் பேசி எழுதிக்கொள்வதும் நல்ல வழி. நேர்மையாக விற்கிறவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

வாங்கிய பிறகு இரண்டு தேதி

காலண்டரில் இரண்டு தேதியை வட்டம் போடுங்கள்.

14-ஆவது நாள்: அதற்குள் இன்சூரன்சை நம் பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். சட்டத்தின் பிரிவு 157-படி, வண்டி கைமாறினால் மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு தானாகவே தொடரும். அதாவது நம் வண்டி மோதி வெளி ஆளுக்கு அடிபட்டால் அவருக்கு நஷ்டஈடு உண்டு. ஆனால் நம் வண்டியே நொறுங்கினால், திருடு போனால் வரும் பணம் அப்படித் தானாக வராது. உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாலிசி பழைய ஆள் பெயரில் இருந்தால் அவருக்கு வண்டி இல்லை, நமக்குப் பாலிசி இல்லை. இரண்டு பேருக்கும் பணம் இல்லை.

30-ஆவது நாள்: அதற்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். பரிவாகன் தளத்தில் பதிந்து, கட்டணம் கட்டி, காகிதங்களை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாட்டில் 2024 முதல் ஆர்.சி. விரைவுத் தபாலில் வீட்டுக்கே வருகிறது. அதனால் முகவரியைச் சரியாகக் கொடுங்கள். வந்ததும் பெயர், எண், முகவரி சரிபாருங்கள். பழைய ஹெச்.பி. நீங்கிவிட்டதா என்றும் பாருங்கள்.

தனி ஆளிடம் வாங்காமல் கன்சல்ட்டிங்கில் வாங்கினால்? 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகளுக்கு மத்திய அரசு புது விதி கொண்டுவந்திருக்கிறது. அவர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். தங்கள் கைக்கு வந்த வண்டியைப் பற்றித் தகவலும் கொடுக்க வேண்டும். "அங்கீகாரச் சான்று காட்டுங்க" என்று கேட்பது நம் உரிமை.

கணவர் பெயரில் உள்ள வண்டி

இது நம் பெண்களுக்கு முக்கியமான பகுதி. கணவர் இறந்த துக்கத்தில் இருக்கும்போது, பங்காளி யாராவது வண்டியை எடுத்துப்போய் விற்றுவிடுவது நடக்கிற காரியம். இதில் மனைவிக்கும் நஷ்டம், வாங்கினவருக்கும் நஷ்டம்.

உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிட்டு வாரிசு வண்டியைப் பயன்படுத்தலாம். 3 மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். இறப்புச் சான்றும், வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கும் வாரிசுச் சான்றும் தேவைப்படும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் எழுத்தில் இருந்தால் பின்னால் சண்டை வராது. 2021-இல் வந்த விதிப்படி, உயிரோடு இருக்கும்போதே ஆர்.சி.யில் வாரிசுதாரரை நியமித்து வைக்கலாம். வங்கிக் கணக்கில் நாமினி போடுவது மாதிரிதான். வீட்டில் பேசிப் போட்டு வையுங்கள்.

குழுப் பணத்தில் வாங்கினால் யார் பெயர்?

குழுவாக வாங்கினாலும் ஆர்.சி.யில் பெரும்பாலும் ஒரு உறுப்பினர் பெயர்தான் ஏறும். அப்போது சட்டத்தின் கண்ணுக்கு அவர்தான் உரிமையாளர். விபத்து என்றால் நோட்டீசு அவருக்கு வரும். நாளைக்கு அவர் "வண்டி என்னுடையது" என்றாலும் சிக்கல். அவர் இறந்து, அவர் பிள்ளைகள் கேட்டாலும் சிக்கல்.

அதனால் வாங்கும் முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்: எவ்வளவு பணம், எந்த நிதியிலிருந்து, யார் பெயரில் பதிவு, வருமானத்தை எப்படிப் பிரிப்பது, செலவும் அபராதமும் நஷ்டஈடும் வந்தால் யார் எவ்வளவு, அவர் குழுவை விட்டுப் போனால் வண்டி என்ன ஆகும். எல்லா உறுப்பினரும் கையெழுத்துப் போடுங்கள். பெயர் கொடுத்தவரும் தன் சம்மதத்தைத் தனியாக ஒப்பந்தமாக எழுதிக் கொடுக்கட்டும். உறுப்பினர் கடன் வாங்கி, வண்டி வீட்டு ஆண் பெயரில் ஏறுவதும் நடக்கிறது. தவணை நம் தலையில், வண்டி அவர் பெயரில் என்றால் அது நியாயமா என்று குழுவில் பேசுங்கள்.

சிக்கல் வந்துவிட்டால்

பயப்பட வேண்டாம். வண்டியை ஒளித்து வைக்கவும் வேண்டாம். ஒளித்தால் நியாயம் நம் பக்கம் இருந்தாலும் குற்றம் மாதிரி ஆகிவிடும்.

விற்றவர் பெயர் மாற்ற வரவில்லை, ஏமாற்றிவிட்டார் என்றால் முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பிறகு காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் ஏமாற்றுதல் பிரிவு 318, திருட்டுப் பொருள் பற்றியது பிரிவு 317. திருட்டு வண்டி என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால்தான் குற்றம். தெரியாமல் வாங்கினோம் என்று காட்ட வங்கி ரசீது, டெலிவரி நோட், போன் தகவல் எல்லாம் உதவும்.

வண்டியைக் காவல் துறை எடுத்திருந்தால், இடைக்காலப் பொறுப்பு கேட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். பிடித்த வண்டியைக் காவல் நிலைய வாசலில் நீண்ட காலம் வெயிலில் மழையில் நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பழைய கடனுக்காக ஃபைனான்ஸ் ஆட்கள் வந்தால், மிரட்டிப் பிடுங்க அவர்களுக்கு உரிமை கிடையாது. அடியாட்களை வைத்துக் கடன் வசூலிக்கக் கூடாது என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. சட்டப்படிதான் வர வேண்டும். மிரட்டினால் 112-க்குப் போன் செய்யுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெற உரிமையியல் நீதிமன்றம் போகலாம். பொதுவாக 3 வருடத்துக்குள் போக வேண்டும். தனி ஆள் தன் வீட்டு வண்டியை விற்பது வியாபாரம் இல்லை என்பதால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் கை கொடுக்காது. கன்சல்ட்டிங் வைத்து வியாபாரம் செய்பவர் என்றால் அங்கேயும் போகலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் பிரிவு 12-படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. விருத்தாசலம் நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவையும், கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். இரண்டு பக்கமும் சம்மதித்தால் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். அங்கே முடிந்தால் அப்பீல் என்று இழுக்காது.

நாம் மனதில் வைத்த அந்தக் குழுவுக்கும் இதுதான் வழி. 50,000 ரூபாய்க்கு வங்கிச் சாட்சி இருக்கிறது. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரும் ஏமாந்தவர்தான். இரண்டு பக்கமும் பேசி, அவருடைய பாக்கியைப் புரோக்கரிடமிருந்து வாங்க வழி செய்தால் வண்டி திரும்பி வரலாம். ஆனால் போன கார்த்திகை திரும்பி வராது.

அடுத்த கூட்டத்தில் கலந்துபேச

1. நம் உறுப்பினர்கள் வீட்டில் எத்தனை வண்டி இருக்கிறது? ஒவ்வொன்றின் ஆர்.சி.யும் யார் பெயரில்?
2. விற்ற வண்டி ஏதாவது இன்னும் நம் வீட்டார் பெயரில் ஓடுகிறதா?
3. நாம் மனதில் வைத்த குழு எந்தெந்த இடத்தில் தட்டிப் பார்க்கத் தவறியது?
4. வண்டி வாங்கக் கடன் கேட்டால், ஆர்.சி. நகலும் ஹெச்.பி. விவரமும் பார்த்த பிறகே பணம் கொடுப்பது என்று தீர்மானம் போடலாமா?

கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் உள்ள ஆர்.சி.யைக் கையோடு கொண்டுவாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிக்கட்டும். யார் பெயர், எந்தத் தேதி, ஹெச்.பி. இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கட்டும். அரை மணி நேர வேலைதான்.